ஆஸ்திரேலியாவில் நான்கு வீடு, நெஞ்சில் ஒரு ஸ்டென்ட்

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு டெல்டா பகுதியிலிருந்து 62 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம், அதன் சாரம் இது. கணவருக்கு 68 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை, காலையில் மாத்திரை, இரவில் ஒரு வேளை இன்சுலின். இரண்டு வருடத்துக்கு முன் இதய ரத்தக் குழாயில் ஒரு ஸ்டென்ட், அதாவது அடைப்பை விரித்துவைக்கும் உலோக வலை, வைத்திருக்கிறார்கள். மகன் குடும்பம் சிட்னியில், வென்ட்வொர்த்வில் பக்கம். டிசம்பர் கடைசியில் போய், பொங்கலை அங்கே கொண்டாடி, மார்ச்சில் திரும்ப நினைக்கிறார்கள்.

ஜனவரியில் பேரனுக்குப் பள்ளி விடுமுறை, மகனுக்கு இரண்டு வாரம் லீவு. அந்த இரண்டு வாரத்தில் காரிலேயே கடற்கரை ஓரமாக வடக்கே போவதாகத் திட்டம். காஃப்ஸ் ஹார்பரில் அண்ணன் மகள் இருக்கிறாள், மருத்துவமனையில் நர்ஸ். பிரிஸ்பேனில் கணவரோடு வேலை பார்த்த நண்பர். கடைசியில் கெய்ர்ன்ஸில் சித்தி மகன். "ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் மனஸ்தாபம் வந்துவிடும் டாக்டர்" என்கிறார். விசா வந்துவிட்டது, டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

இன்சூரன்ஸ் படிவத்தில் ஸ்டென்ட்டைப் பற்றி எழுத வேண்டாம் என்று ஏஜென்ட் சொல்கிறாராம், அது சரியா? மருந்து எவ்வளவு கொண்டுபோகலாம்? மகன் கேட்ட இருமல் மருந்தையும் ஆன்டிபயாடிக்கையும் எடுத்துப்போகலாமா? ஊறுகாய், கறிவேப்பிலை? கணவருக்குத் திமிங்கிலம் பார்க்க ஆசை, பேரனோடு கடலில் இறங்கவும் ஆசை, கூடாதா, சுறா வருமா? இவைதான் கேள்விகள்.

இதற்கெல்லாம் நடுவில், ஊறுகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் இடையே, ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். "போன மாதத்திலிருந்து மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். நின்றால் சரியாகிவிடுகிறது. வாயு என்று ஓமத் தண்ணீர் குடிக்கிறார். பக்கத்து கிளினிக்கில் இசிஜி எடுத்தோம், நார்மல். மகனிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்."

அம்மா, நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காமல் சொல்லிப் போன இந்த இடத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

முதலில் அந்த "வாயு"

படி ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது. இப்படி உழைப்போடு வந்து ஓய்வோடு போகும் நெஞ்சடைப்பை, வேறு காரணம் என்று உறுதியாகும்வரை, இதய ரத்தக் குழாய்ப் பிரச்சினை என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். ஏற்கனவே ஸ்டென்ட் வைத்தவர், அதோடு நீண்ட நாள் சர்க்கரை என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மந்தப்பட்டிருப்பதால் இதய வலி வலியாகவே தெரியாமல் போவதுண்டு. மூச்சு வாங்குவதாகவோ, அசதியாகவோ, ஏப்பமாகவோ வரும். வாயுத் தொல்லை பெரும்பாலும் சாப்பாட்டோடு சம்பந்தப்பட்டு வரும். மாடிப்படியைப் பார்த்து வராது.

இசிஜி நார்மல் என்பதில் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அது படுத்திருந்தபோது எடுத்தது. படுத்திருக்கும்போது இதயத்துக்குத் தேவையான ரத்தம் போகிறது என்பதைத்தான் அது சொல்லும். படி ஏறும்போது போதுமான ரத்தம் போகிறதா என்பது அதில் தெரியாது. ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவரிடமே இந்த வாரத்துக்குள் போங்கள். எக்கோ வேண்டுமா, ட்ரெட்மில் டெஸ்ட் வேண்டுமா, நேராக ஆஞ்சியோகிராம் வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். கூடவே மூன்று மாதச் சராசரி சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனை இரண்டையும் எடுத்துவிடுங்கள். அதற்குள், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அடைப்பு வந்தாலோ, வியர்த்தாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ, ஓமத் தண்ணீர் எல்லாம் வேண்டாம், 108.

ரத்தத்தை உறையவிடாமல் வைக்கும் மாத்திரையை "பயணத்தில் ரத்தம் வந்தால் என்ன செய்வது" என்று தாமாகவே நிறுத்தும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அவர் அதையும் செய்ய விடாதீர்கள்.

இதைச் சொல்வதால் பயணமே கூடாது என்று அர்த்தமில்லை. ஸ்டென்ட் வைத்து, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, அறிகுறி இல்லாமல் இருப்பவர்கள் தாராளமாக விமானத்தில் போகிறார்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதைப் போலத்தான் இருக்கும், அதாவது கொடைக்கானலில் இருப்பது போல. நிலையாக இருக்கும் இதயம் அதைத் தாங்கும். புதிதாகத் தொந்தரவு காட்ட ஆரம்பித்த இதயத்தை அந்த உயரத்தில் பல மணி நேரம் உட்கார வைக்கக் கூடாது. பரிசோதனை முடிவு வரும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள். இன்னும் எடுக்கவில்லை என்பதே இந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்த செய்தி.

இன்சூரன்ஸில் மறைத்தால் என்ன ஆகும்?

ஏஜென்ட் சொன்னது தவறு. பிரீமியம் குறையும் என்பது உண்மைதான். பணம் தேவைப்படும் நாளில் அந்தப் பாலிசி வெறும் காகிதமாகிவிடும் என்பதை அவர் சொல்லவில்லை.

எப்படி நடக்கும் என்று பாருங்கள். அங்கே நெஞ்சு வலி என்று எமர்ஜென்சிக்குப் போகிறீர்கள். முதல் கேள்வியே "முன்னால் இதயத்தில் ஏதாவது செய்திருக்கிறார்களா?" என்பதுதான். உயிர் பிழைக்க வேண்டும் என்றால் அதற்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொன்னது மருத்துவக் குறிப்பில் ஏறும். அந்தக் குறிப்பு கிளெய்மோடு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போகும். சொல்லாவிட்டாலும் ஆஞ்சியோகிராமில் அந்த உலோக வலை தெரிந்துவிடும். படிவத்தில் மறைத்த ஒன்றுக்காகக் கிளெய்மை நிராகரிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு.

மகனின் நண்பர் "அங்கே அரசு மருத்துவமனை இலவசம்" என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது அந்நாட்டு அரசு மருத்துவத் திட்டமான மெடிகேரின் அட்டை வைத்திருக்கும் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். பிரிட்டன், நியூசிலாந்து, இத்தாலி போன்ற சில நாடுகளோடு ஆஸ்திரேலியாவுக்கு மருத்துவ ஒப்பந்தம் இருக்கிறது. அந்த நாட்டுப் பயணிகளுக்கு அவசியமான சிகிச்சை கிடைக்கும். இந்தியாவோடு அப்படி ஒப்பந்தம் கிடையாது. எமர்ஜென்சியில் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், நன்றாகவே பார்ப்பார்கள். பில் பிறகு வரும். உள்நோயாளியாகச் சேர்ந்தால் ஒரு நாளைக்கே ஆயிரக்கணக்கான டாலர். ஆம்புலன்ஸுக்கும் தனிக் கட்டணம். பிரிஸ்பேனும் கெய்ர்ன்ஸும் இருக்கும் குயின்ஸ்லாந்தில் ஆம்புலன்ஸ் இலவசம் என்று யாராவது சொன்னால், அது அந்த மாநிலவாசிகளுக்கு.

ஆகவே பாலிசி வாங்கும் முன் இவற்றை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்:

- ஏற்கனவே உள்ள இதய நோய்க்கும் சர்க்கரைக்கும் காப்பீடு உண்டா? உண்டென்றால் எவ்வளவு தொகை வரை? பல பாலிசிகள் உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் ஒரு சிறு தொகைதான் தருகின்றன. முகப்பில் பெரிதாக அச்சடித்த தொகையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.
- அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, ஐசியு, அறுவைச் சிகிச்சைக்குத் தனித்தனி உச்சவரம்பு இருக்கிறதா?
- ஆம்புலன்ஸ், உடல்நிலை சரியில்லாமல் பயணத்தைத் தள்ளிப்போடுவது இவை சேருமா?

மகன் அங்கிருந்தே வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்கான ஆஸ்திரேலியக் காப்பீடு எடுத்துத் தருகிறேன் என்று சொல்லக்கூடும். மற்ற நோய்களுக்கு அது நல்ல வழி. ஆனால் ஏற்கனவே இருக்கும் நோய்க்குப் பெரும்பாலும் 12 மாதக் காத்திருப்புக் காலம் இருக்கும். மூன்று மாதத்துக்குப் போகிற உங்களுக்கு ஸ்டென்ட் விஷயத்தில் அது உதவாது. இங்கே, முழு விவரத்தையும் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டி எடுப்பதுதான் ஒரே உருப்படியான வழி. எந்த நிறுவனமும் நியாயமான தொகைக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அந்தச் செலவை மகன் கையிலிருந்து தாங்க முடியுமா என்று அவரையும் வைத்துப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். போன மாதம் தொடங்கிய நெஞ்சடைப்பையும் படிவத்தில் எழுத வேண்டும், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வரைபடத்தில் பக்கம், காரில் தூரம்

உங்கள் திட்டத்தை வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். சிட்னியிலிருந்து காஃப்ஸ் ஹார்பர் சுமார் 530 கிலோமீட்டர். அங்கிருந்து பிரிஸ்பேன் இன்னொரு 390. இதுவே சென்னையிலிருந்து கன்னியாகுமரியைவிடத் தூரம். பிரிஸ்பேனிலிருந்து கெய்ர்ன்ஸ் சுமார் 1,700 கிலோமீட்டர். ஒரு வழி 2,600. திரும்பி வரவும் வேண்டும். இரண்டு வாரத்தில், ஒரே ஓட்டுநர், பின்சீட்டில் பேரன், முன்சீட்டில் ஸ்டென்ட். பெரியவர்கள் சொல்லித் தட்ட முடியாமல் மகன் தலையாட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சிட்னிக்கும் பிரிஸ்பேனுக்கும் நடுவில் சாலை அருமையானது. நியூகாசிலுக்கு வடக்கே குயின்ஸ்லாந்து எல்லை வரை பசிபிக் நெடுஞ்சாலை முழுக்க நடுவில் பிரித்த நான்கு வழிச் சாலையாக 2020 டிசம்பரில் முடிந்துவிட்டது. வழியிலும் சற்றுத் தள்ளியும் நியூகாசில், போர்ட் மெக்குவாரி, காஃப்ஸ் ஹார்பர், லிஸ்மோர், கோல்ட் கோஸ்ட் என்று பெரிய மருத்துவமனை உள்ள ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். பிரிஸ்பேனுக்கு வடக்கே போகப் போக ஊர்களுக்கு இடையே இடைவெளி கூடும். இதய நோயாளியோடு போகிறவர்கள் யோசிக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

அப்புறம் பருவம். ஜனவரி அங்கே கோடை. சிட்னியில் சில நாள் நாற்பது டிகிரியைத் தொடும். கெய்ர்ன்ஸ் பக்கம் மழைக்காலம்: புழுக்கம், பெருமழை, சாலையில் வெள்ளம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையோ, சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் வகை மாத்திரையோ சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வெயிலில் உடல் நீர் சீக்கிரம் வற்றும், எழுந்தால் தலை சுற்றும். கணவரின் மருந்துச் சீட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

திமிங்கிலம்? கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் அந்தக் கிழக்குக் கரை ஓரமாகப் போய்வருவது மே முதல் நவம்பர் வரை. ஜனவரியில் எவ்வளவு நேரம் கரையில் நின்றாலும் அலைதான் தெரியும்.

என் யோசனை இரண்டு. முதலாவது, பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை, மருத்துவர் சரி என்றுவிட்டார் என்றால், ஜனவரியில் சிட்னியும் காஃப்ஸ் ஹார்பரும் மட்டும். போர்ட் மெக்குவாரியில் ஓர் இரவு தங்கிப் போங்கள். விமானத்தில் போனால் ஒரு மணி நேரம் சொச்சம். அண்ணன் மகள் வீட்டில் நான்கைந்து நாள் நிதானமாக இருங்கள். ஒரு பெரிய வாழைப்பழச் சிலையை 1964-ல் வைத்து அதையே ஊரின் அடையாளமாக்கியவர்கள் காஃப்ஸ் ஹார்பர்காரர்கள், பேரனுக்குப் பிடிக்கும். அரை மணி நேரத் தூரத்தில் உல்கூல்கா, வாழைத் தோட்டம் போட்ட பஞ்சாபிகள் வாழும் ஊர். ஆஸ்திரேலியாவின் முதல் சீக்கியக் கோவில் 1968-ல் அங்கேதான் எழுந்தது. பிரிஸ்பேன் நண்பருக்குக் காஃப்ஸ் ஹார்பர் நான்கைந்து மணி நேரம். ஒரு வார இறுதியில் அவரை அங்கே வரச் சொல்லுங்கள். வேலை பார்த்த காலத்துக் கதை பேச எந்த ஊராக இருந்தால் என்ன?

இரண்டாவது, எனக்கு அதிகம் பிடித்தது: பயணத்தையே ஜூன், ஜூலைக்குத் தள்ளுவது. பரிசோதனைக்கும் தேவைப்பட்டால் சிகிச்சைக்கும் பிறகு உடல் தேறவும் நேரம் கிடைக்கும். ஜூலையிலும் பள்ளிக்கு இரண்டு வார விடுமுறை உண்டு. வடக்கே அப்போது மழையற்ற இதமான காலம், கெய்ர்ன்ஸுக்குச் சிட்னியிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரம். திமிங்கிலமும் பார்க்கலாம். சிட்னியில்தான் குளிரும். அங்கே பல வீடுகளில் நம் வீடுகளைப் போலவே குளிரைத் தடுக்கும் ஏற்பாடு குறைவு. ஸ்வெட்டர், காலுறை, காலை நடையை வெயில் வந்தபின் வைத்துக்கொள்வது, அவ்வளவுதான். பொங்கல் மகன் வீட்டில் இல்லை என்பது வருத்தம்தான், தெரியும். விசாவில் கடைசியாக நுழைய வேண்டிய தேதியையும், ஒரு தடவைக்கு எத்தனை மாதம் தங்கலாம் என்பதையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருட விசா என்றால் மூன்று வருடம் தங்கலாம் என்று பொருள் இல்லை.

மனஸ்தாபம் பற்றி ஒன்று சொல்லட்டுமா? ஒரு ராத்திரி தங்கி, பெட்டியைப் பிரிக்காமல் மறுநாள் கிளம்பும் விருந்தாளியால் எந்த வீட்டுக்கும் சந்தோஷம் இல்லை. அண்ணன் மகள் நர்ஸ். உங்கள் திட்டத்தையும் மாமா நிலைமையையும் அவளிடம் சொன்னால், கெய்ர்ன்ஸ் வேண்டாம் என்று முதலில் சொல்வது அவளாகத்தான் இருக்கும்.

பெட்டியில் என்ன வைக்கலாம்

மருந்து மூன்று மாதத்துக்கு உரிய அளவு வரை கொண்டுபோகலாம். உங்கள் பயணத்துக்கு அது போதும். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள், அட்டையோடும் பெட்டியோடும் இருக்கட்டும். மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள்: நோய், ஸ்டென்ட் வைத்த தேதி, ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயர், அளவு. நம் ஊர் பிராண்டுப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. இந்திய மருந்துச் சீட்டைக் காட்டி அங்கே மருந்துக் கடையில் வாங்கவும் முடியாது. தொலைத்துவிட்டால் அங்குள்ள மருத்துவரைப் பார்த்துப் புதுச் சீட்டு வாங்கி, முழு விலை கொடுக்க வேண்டும். ஆகவே மருந்து முழுவதும் கைப்பையில். இன்சுலினும் ஊசியும் கண்டிப்பாகக் கைப்பையில்தான். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் இன்சுலின் உறைந்து வீணாகலாம்.

மகன் கேட்ட இருமல் மருந்தும் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். அந்த மூன்று மாதச் சலுகை பயணம் செய்கிறவருக்கும் கூடப் பயணம் செய்கிறவருக்கும் உரிய மருந்துக்குத்தான், அங்கே இருப்பவர்களுக்கு வாங்கிப் போவதற்கு இல்லை. நம் ஊர் இருமல் மருந்து சிலவற்றில் கோடீன் என்ற அபின் வகைப் பொருள் இருக்கும், அது வேறு வம்பு.

கறிவேப்பிலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பச்சைக் கறிவேப்பிலை கூடவே கூடாது. ஒரு கொத்துக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றும். கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்துச் செடி. அதில் தங்கும் ஒரு சிறு பூச்சி ஆரஞ்சு மரங்களைச் சாகடிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்பும். அந்த நோய் ஆஸ்திரேலியாவில் இல்லை, வரவிடக் கூடாது என்று கவனமாக இருக்கிறார்கள். மகன் வீட்டுப் பக்கத்துக் கடைகளில் அங்கேயே விளைந்த கறிவேப்பிலை கிடைக்கும். பால் சேர்ந்த இனிப்பும் பெரும்பாலும் குப்பைக்குப் போகும், நம் நாட்டில் மாடுகளுக்குக் கோமாரி நோய் இருப்பதால். ஊறுகாய், பொடி, லேகியம், சூரணம் எதுவானாலும் விமானத்தில் தரும் அட்டையில் "ஆம்" என்று குறித்துவிடுங்கள். குறித்தால், பொருளை எடுத்துக்கொண்டாலும் அபராதம் இல்லை. குறிக்காமல் மாட்டினால் பெரிய தொகை அபராதம், விசாவையே ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. "வீட்டில் செய்ததுதானே" என்பது அங்கே எடுபடாது.

வழியில் சர்க்கரை

கிழக்கே பறக்கும்போது பொழுது சுருங்கும். கோடையில் சிட்னி நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரவு இன்சுலினை இங்கே போட்டுவிட்டு, அங்கே போய் அந்த ஊர் இரவுக்கு அதே அளவைப் போட்டால் இரண்டு ஊசிக்கும் நடுவில் நேரம் குறைந்துவிடும், சர்க்கரை தாழலாம். அந்த ஒரு நாளுக்கு அளவை எப்படிக் குறைப்பது என்று அவருடைய மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பயணத்தில் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருப்பதைவிடத் தாழ்ந்துபோவதுதான் ஆபத்து. இன்னொரு வேடிக்கை: கோடையில் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும், குயின்ஸ்லாந்து தள்ளாது. இரு மாநில எல்லையில் உள்ள ட்வீட் ஹெட்ஸில் ஒரு தெருவைத் தாண்டினால் மணி மாறிவிடும். எல்லை தாண்டினாலும் மாத்திரையைச் சிட்னி நேரப்படியே சாப்பிடட்டும்.

காரில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். விடுமுறை நாட்களில் நெடுஞ்சாலை ஓரம் 'டிரைவர் ரிவைவர்' என்று தன்னார்வலர்கள் டீயும் பிஸ்கட்டும் இலவசமாகத் தருவார்கள். மகனுக்கும் அது நல்லது. சைவச் சாப்பாட்டுக்காகத் தேடி மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதுதான் நம் பெரியவர்களுக்கு வழியில் நேரும் பெரிய தவறு. ஐஸ்பெட்டியில் தயிர்சாதம் இருக்கட்டும், கைக்கெட்டும் இடத்தில் குளுக்கோஸ் இருக்கட்டும். விமானத்துக்கு இறுக்கமான காலுறை வாங்கலாம் என்று யாராவது சொன்னால், கால் ரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் போடாதீர்கள், நீண்ட நாள் சர்க்கரைக் கால்களுக்கு அது ஆகாமல் போகலாம். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேளுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, டிக்கெட் எடுக்கும்போதே சொன்னால் போதும்.

கடலும் பேரனும்

மணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். ஜனவரி வெயிலில் அந்த மணல் சுடும், உணர்வு குறைந்த பாதத்துக்குக் கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். கடலில் இறங்குவதானால் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும், முழங்கால் அளவு. அங்கே உயிர்காப்பாளர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுறாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுறாவைவிடக் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம்தான் அதிகம் பேரை அங்கே சாகடிக்கிறது. அலை உடையாமல், அமைதியாகத் தெரியும் இடம்தான் பெரும்பாலும் அந்த இழுப்பு உள்ள இடம். நம் கண்ணுக்கு அதுதான் குளிக்க நல்ல இடமாகப் படும்.

நீலக் குமிழி போன்ற ஜெல்லி மீன் சிட்னி பக்கம் கொட்டினால், பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் இருபது நிமிடம் வைக்க வேண்டும். சர்க்கரைக்காரரின் கால் என்றால் சூட்டை நீங்கள் கைவிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். கெய்ர்ன்ஸ் பக்கம் நவம்பர் முதல் மே வரை இருக்கும் பெட்டி ஜெல்லி மீன் வேறு ரகம், உயிரைக் குடிக்கக்கூடியது, அதற்கு வினிகர் ஊற்றி உடனே ஆம்புலன்ஸ். ஜனவரியில் அந்தப் பக்கம் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவசர எண் 000. ஆங்கிலம் தடுமாறினால் முதலில் "ஆம்புலன்ஸ்", பிறகு "தமிழ்" என்று சொல்லிவிட்டு இணைப்பிலேயே இருங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். சாதாரண மருத்துவர் சந்திப்புக்கும் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். நெஞ்சு வலியை மருமகள் வழியாகச் சொல்லக் கூச்சப்பட்டு மழுப்பும் மாமனார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த எண் உதவும்.

அந்தச் சத்தியம்

மகனிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். நீங்கள் அதை மீற வேண்டாம், அவரே சொல்லட்டும். "நீங்கள் சொல்லுங்கள், இல்லையென்றால் நான் டிக்கெட்டுக்குச் சம்மதிக்க மாட்டேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதில் சத்தியம் எதுவும் உடையவில்லை. அவர் எதற்கு மறைக்கிறார் என்றும் யோசித்துப் பாருங்கள். சொன்னால் பயணமே போய்விடும், பேரனைப் பார்க்க முடியாது என்ற பயமாகத்தான் இருக்கும். சொன்னால் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். சொல்லாமல் போய், நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருக்கும் மகன் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டால், அந்த நேரத்தில் மகன் என்ன செய்வார் என்று அவரிடமே கேளுங்கள்.

சொல்வதைப் பரிசோதனை முடிவு வந்தபிறகு என்று தள்ளிவைக்காமல், மருத்துவரிடம் நாள் வாங்கிய அன்றே சொல்லச் சொல்லுங்கள். மகன் அலுவலகத்தில் ஜனவரி லீவுக்கு எழுதிக்கொடுக்கும் முன் தெரிந்தால், ஜூலைக்கு மாற்றிக் கேட்க அவருக்கு வழி இருக்கும்.